மூடிய துரும்பும் பதுங்கும் வீரனும்

2004 டிசம்பர் 12ஆம் திகதி ஜப்பானில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் (பிஎஸ்பி) என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. நான்கு நாள் கழித்து, அந்தக் கருவிக்கென்றே செய்த ‘மெட்டல் கியர் அசிட்’ என்ற விளையாட்டைக் கொனாமி நிறுவனம் வெளியிட்டது. மெட்டல் கியர் தொடரே பதுங்கலுக்குப் பெயர் போனது. காவலாளி திரும்புவதற்குள் சுவரோரம் ஒட்டி நகர்வது, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது, கணப்பொழுதில் கடந்து போவது, இவைதான் அதன் உயிர். புதிய விளையாட்டோ அதே வீரன் ஸ்னேக்கைச் சீட்டுக் கட்டால் நகர்த்தச் சொன்னது. இயக்குநர் ஷின்டா நொஜிரி. தயாரிப்பில் தொடரை உருவாக்கிய ஹிடியோ கொஜிமாவின் பெயரும் இருந்தது.

பலர் ஏற்கத் தயங்கினார்கள். பதுங்குவதற்குக் கணநேரத் துடிப்பு வேண்டும், சீட்டோ ஆற அமர யோசிப்பது என்றார்கள். பதுங்குவது திறமை, சீட்டு வருவது அதிர்ஷ்டம் என்றும் சொன்னார்கள். இருபது ஆண்டு கடந்தும் இந்தக் கேள்வி தீரவில்லை. சீட்டும் பதுங்கலும் உண்மையில் ஒன்றுசேருமா? இதற்கு விடை தேட டோக்கியோவையோ லாஸ் ஏஞ்சல்ஸையோ விடப் பதுளைதான் நல்ல இடம் என்பது என் எண்ணம். ஊவாத் தோட்டத்து ஆட்கள் விடிய விடிய ஆடும் 304 என்ற சீட்டாட்டமே ஒரு பதுங்கல் விளையாட்டு. அதை ஆடிப் பழகிய கைக்கு அசிட்டின் அடிப்படை புதிதாக இருக்காது. அது எந்த இடத்தில் 304க்குக் கீழே நின்றுவிடுகிறது என்பதும் அந்தக் கைக்குத்தான் முதலில் தெரியும்.

பசறையிலோ லுணுகலையிலோ தெமோதரையிலோ ஓர் எழவு வீட்டுக்கு இரவில் போனால் பந்தலின் ஓரத்தில் பாய் விரித்து நாலு பேர் குந்தியிருப்பதைப் பார்க்கலாம். அவர்களைச் சுற்றி வேடிக்கை பார்க்க எட்டுப் பேர். காமன் கூத்து இரவுகளிலும் ஆடித் திருவிழாவிலும் இதுதான் காட்சி. கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் ரயிலிலும் உண்டு. ஏறத்தாழ 290 கிலோமீட்டர் தூரத்துக்குப் பத்து மணித்தியாலம் எடுக்கும் பயணம் அது. முழங்கால்களுக்கு மேல் பத்திரிகைத் தாளை விரித்தால் மேசை தயார்.

304இன் கணக்கு இப்படி. ஏழு முதல் ஏஸ் வரை நான்கு வகையிலும் சேர்த்து 32 சீட்டு. ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் சேர்த்து 304. ராசாவையும் ராணியையும் ஜாக் அடிப்பது வெளியாட்களுக்கு விசித்திரமாகத் தெரியும். ஜாக்கையும் ஒன்பதையும் மேலே வைக்கும் ஐரோப்பிய ஆட்டக் குடும்பம் ஒன்று உண்டு. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் அதைச் சேர்ந்தது. கேரளத்தின் 28, வங்கத்தின் 29 ஆகியவையும் 304உம் அந்த வழியில் வந்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள்.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டுத்தான் கைக்கு வரும். அந்தப் பாதிக் கையை வைத்துக்கொண்டு, எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். வழக்கமாக 160இலிருந்து கேள்வி தொடங்கும். கூடக் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்து வைப்பார். அதன் வகைதான் துரும்பு, மற்ற வகைகளை வெட்டும் வகை. அவரைத் தவிர வேறு யாருக்கும் அது என்ன வகை என்று தெரியாது, எதிரே இருக்கும் கூட்டாளிக்கும் தெரியாது. பிறகு மீதி நாலு சீட்டு வரும், ஆட்டம் தொடங்கும். இறங்கிய வகை கையில் இல்லாதவர் வெட்ட நினைத்தால், துரும்பு எதுவாக இருக்கும் என்று ஊகித்து ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவர் கவிழ்ந்த சீட்டை எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும், பிடி வெட்டியவருக்கு. துரும்பு இல்லையென்றால் ஒரு சொல்லும் இல்லாமல் ஆட்டம் தொடரும்.

கவிழ்த்துப் போடும் அந்த ஒரு நொடியைப் பாருங்கள். போட்டவருக்கு அது துரும்பா என்று தெரியாது. பார்க்கிறவருக்கு அது எந்தச் சீட்டு என்று தெரியாது. இரண்டு பேரும் இருட்டில் நிற்கிறார்கள், இருவருமே மற்றவரின் முகத்தைப் படிக்கப் பார்க்கிறார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் துரும்பு வகையிலேயே முதலில் இறங்கிவிட்டு முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பார்கள். துரும்பு வேறெங்கோ இருக்கிறது என்று எதிராளி நம்பிவிடுவார். காவலாளியின் கண் வேறு பக்கம் திரும்பும்படி சுவரைத் தட்டிவிட்டுப் போகும் ஸ்னேக் செய்வதும் இதே வேலைதான்.

சிங்கள அயலவர்களோடு ஆடும்போது ஓமிதான் ஆட்டம். அதிலும் 32 சீட்டுத்தான், முதல் நாலு சீட்டைப் பார்த்தே துரும்பு சொல்லவும் வேண்டும். ஆனால் அங்கே துரும்பை வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். ஓமி வேகமானது, கலகலப்பானது. பதுங்கல் அதில் குறைவு.

எல்லாம் திறந்து கிடக்கும் ஆட்டங்கள் வேறொரு சாதி. ஆடுபுலி ஆட்டத்தில் புலி எங்கே, ஆடு எங்கே என்பது இருவருக்கும் தெரியும். சதுரங்கமும் அப்படியே. அங்கே ஒளித்து வைக்கக்கூடியது எண்ணம் ஒன்றுதான். மறைவு வந்துவிட்டால் ஆட்டம் எவ்வளவு கடினமாகிறது என்பதற்குக் கணினி வரலாற்றில் தெளிவான சாட்சி இருக்கிறது. 1997இல் டீப் புளூ என்ற கணினி சதுரங்க உலக வாகையர் கஸ்பரோவை வென்றது. கையை மறைத்து ஆடும் போக்கரின் வரம்பற்ற இருவர் ஆட்டத்தில் தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒரு நிரல் தெளிவாக வெல்வதற்கு 2017 ஆகிவிட்டது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் செய்த லிப்ராட்டஸ் அது. இடையில் இருபது ஆண்டு. கணித மேதை ஜான் வான் நாய்மன் 1928இலேயே விளையாட்டுக் கோட்பாட்டுக்கு அடித்தளம் போட்டபோது அவர் மனதில் நின்றதும் சதுரங்கத்தை விடப் போக்கர்தான். பொய்க் கையை மெய்க் கையாகக் காட்டுவது அறிவின் ஒரு தனிக் கிளை. அதை விதிக்குள் அடக்கலாம் என்று அவர் கண்டார். எழவு வீட்டுப் பாயில் குந்தியிருப்பவர்கள் அந்தக் கிளையின் ஆட்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

இனி பதுங்கலின் பக்கம். மெட்டல் கியரின் முதல் விளையாட்டு 1987இல் எம்எஸ்எக்ஸ்2 என்ற வீட்டுக் கணினிக்காக வந்தது. கொனாமி கேட்டது சண்டை விளையாட்டுத்தான். ஆனால் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் ஒரே திரையில் காட்ட அந்தக் கணினிக்குத் திராணி இல்லை. அதனால் சண்டையைத் தவிர்த்து ஒளிந்து போவதையே ஆட்டமாக்கினார் கொஜிமா. 1998இல் ‘மெட்டல் கியர் சாலிட்’ வந்தபோது காவலாளியின் பார்வை திரையின் மூலையில் ஒரு கூம்பாகத் தெரிந்தது. அந்தக் கூம்புக்கு வெளியே நின்றால் நீ இல்லை, உள்ளே கால் வைத்தால் அபாயச் சங்கு.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவருக்குப் பார்வைக் கூம்பு என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டமே பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது. அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னத் தோட்டத்தில் லிப்டன் சீட் என்ற இடம் இருக்கிறது. தாமஸ் லிப்டன் அங்கிருந்துதான் தன் மலைகளைப் பார்வையிட்டார் என்று இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்கிறார்கள். துரை பங்களா மேட்டில் இருக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயம் பள்ளத்தில். காலையில் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணிக்கை. மலையில் நிரைக்கு நிரை கங்காணியின் கண். அவருக்கு மேலே கணக்கப்பிள்ளையின் கண். அந்தக் கண் எவ்வளவு தூரம் எட்டும், எந்த வளைவில் எட்டாது என்பது கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரியும். கொஞ்சம் முதுகை நிமிர்த்திக்கொள்ளவும், பக்கத்து நிரைக்காரியோடு இரண்டு வார்த்தை பேசவும் அந்த அறிவு வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவதும் அதே நிலத்தில்தான். இடுப்பளவு தேயிலைக்குள் குனிந்து கானுக்குள் இறங்கினால் பத்தடியிலும் கண்டுபிடிக்க முடியாது. கவ்வாத்து வெட்டிய மலையிலோ ஒரு முயலுக்குக்கூட மறைவு கிடையாது.

இந்த அறிவுக்கு இருண்ட பழைய கதையும் உண்டு. ‘துண்டு’ என்ற கடன் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்து ஆள் இன்னொரு தோட்டத்தில் வேலைக்குப் போக முடியாத காலம் இருந்தது. கடனிலும் அடக்குமுறையிலும் சிக்கிய குடும்பங்கள் இரவோடு இரவாகத் தோட்டத்தை விட்டு ஓடின. பிடிபட்டால் நீதிமன்றம், சிறை. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அந்த இரவுகளை ஒரு விளையாட்டோடு சேர்த்துப் பேசுவது சரியா என்று கேட்கலாம். பார்க்கிறவனுக்கும் பார்க்கப்படுகிறவனுக்கும் நடுவிலுள்ள சமமின்மைதான் பதுங்கலின் வேர். அதைப் பேசாமல் பதுங்கல் விளையாட்டைப் பற்றி இந்த மண்ணில் எழுதுவது எனக்குப் பொய்யாகப் படும்.

வழக்கமான பதுங்கல் விளையாட்டில் ஒரு முரண் இருக்கிறது. பலவீனமான பக்கத்தில் நிற்பதாக உணரவைத்தாலும், ஆடுகிறவருக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது. காவலாளி நடக்கும் பாதை, அவன் திரும்பும் நேரம், பார்வை எட்டும் தூரம், எல்லாம் திரையில் இருக்கும். சாவி கொடுத்த பொம்மை போல அவன் சுற்றி வருவான். இரண்டு தடவை தோற்றால் மூன்றாம் தடவை மனப்பாடமாகிவிடும். மறைந்திருப்பவனுக்கு வரவேண்டிய கலக்கம் அதற்குப் பிறகு வருவதில்லை.

அசிட் இந்த இடத்தில்தான் கை வைத்தது. களம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கையில் ஆறு சீட்டு, பின்னால் நாமே அடுக்கிய கட்டு. ஒரு முறைக்கு வழக்கமாக இரண்டு சீட்டை இறக்கலாம். துப்பாக்கிக்குச் சீட்டு, மருந்துக்குச் சீட்டு, ஸ்னேக் ஒளிந்துகொள்ளும், தொடரின் புகழ்பெற்ற அட்டைப்பெட்டிக்கும் ஒரு சீட்டு. நடப்பதற்கும் சீட்டு வேண்டும், எந்தச் சீட்டையும் நடைக்குச் செலவிடலாம். அதாவது நாலு கட்டம் தாண்டி மறைவுக்குப் போக வேண்டுமானால், அடுத்த அறையில் தேவைப்படப்போகும் நல்ல துப்பாக்கியையே எரிக்க வேண்டி வரலாம். நகர்வை முடிக்கும்போது எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்பது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தத் திசை தவறினால் முதுகில் வாங்க வேண்டியதுதான்.

அசிட்டின் மிகச் சிறந்த யோசனை சீட்டின் விலை. ஒவ்வொரு சீட்டிலும் ஓர் எண் இருக்கும். பயன்படுத்திய சீட்டுகளின் எண் கூடக்கூட அடுத்த முறை கைக்கு வரத் தாமதமாகும். காவலாளிகளுக்கும் அப்படியோர் எண் உண்டு, யாருடைய எண் குறைவோ அவருக்கே அடுத்த முறை. பெரிய வெடியைப் போட்டுவிட்டு நின்றால் மூன்று காவலாளிகள் தங்கள் முறையை முடித்துவிடுவார்கள், நாம் கட்டத்தில் கல்லாக நிற்போம். மலிவான சீட்டுகளால் நகர்ந்தால் உலகம் மெதுவாகவும் நாம் வேகமாகவும் ஆகிவிடுவோம். கணநேரத் துடிப்பு போய்விட்டது என்று வருந்தியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. துடிப்பு போகவில்லை, எண்ணாக மாறிக் கைக்குள் வந்தது. பலம் காட்டுகிறவன் நேரத்தை இழக்கிறான் என்ற பதுங்கலின் அடிப்படை உண்மையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறு விதியை நான் கண்டதில்லை.

அடுத்த சீட்டு என்னவென்று ஆடுகிறவருக்கே தெரியாது என்பது இன்னொன்று. காவலாளியின் பாதை மனப்பாடமாக இருக்கலாம், ஆனால் என் கையில் நாளைக்கு என்ன இருக்கும் என்பது கட்டுக்குள் கவிழ்ந்து கிடக்கிறது. போன கலக்கம் இந்த வழியாகத் திரும்பி வருகிறது. பாதிக் கையைப் பார்த்து 160 கேட்கிறவர் மீதி நாலு சீட்டை நம்பித்தான் வாய் திறக்கிறார். அவர் நிற்கும் இடத்தில்தான் ஸ்னேக்கும் நிற்கிறான். ‘அதிர்ஷ்டம்’ என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு 304காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். ஒரு கையில் அதிர்ஷ்டம் பேசும், ஒரு இரவு முழுக்க ஆடினால் கணக்குத்தான் பேசும். அசிட்டில் கட்டை அடுக்குவதும் நாம்தான். முப்பது சீட்டில் எத்தனை நடை, எத்தனை ஆயுதம், எத்தனை மருந்து என்று தீர்மானித்தவன் தன் அதிர்ஷ்டத்தில் பாதியைத் தானே எழுதிவிட்டான்.

கையடக்கக் கருவிக்கு இது பொருந்தியதற்குக் காரணம் எளிது. முறை வைத்து ஆடும் ஆட்டம் நம்மை அவசரப்படுத்தாது. பிஎஸ்பியின் சக்தி விசையை ஒரு தடவை மேலே தள்ளினால் ஆட்டம் அப்படியே உறங்கும், மறுபடி தள்ளினால் விட்ட இடத்தில் விழிக்கும். மலைநாட்டு ரயில் ஆடி வளைந்து சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளிவரும்போது விரல்வேகம் கேட்கும் ஆட்டத்தை ஆட முடியாது, சீட்டை ஆடலாம். 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த அந்தத் தண்டவாளத்தில் பயணிகள் சீட்டை நம்பியதற்கும் இதே காரணம்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அசிட்டின் காவலாளிக்குக் கை கிடையாது. அவன் எதையும் மறைப்பதில்லை, ஊகிப்பதில்லை, நம்மை ஏமாற்ற நினைப்பதுமில்லை. மறைவு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. 304இல் இருட்டு நாலு பேருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது, அதனால் அதன் ஆழம் வேறு. இரண்டு கருவிகளைக் கம்பியின்றி இணைத்து இன்னொருவரோடு ஆடும் வசதி இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. ஆனால் அதற்கு இரண்டு கருவியும் இரண்டு வட்டும் வேண்டும். ஒரு லயத்தில் ஒரு கருவி இருந்தாலே அதிகம்.

அடுத்தது மொழி. சீட்டில் உள்ள வாசகத்தைப் படிக்காமல் அசிட்டை ஆட முடியாது. ஓடிச் சுடும் விளையாட்டை ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் பார்த்தே பழகிவிடும். இதில் ஒவ்வொரு சீட்டும் ஒரு சிறு பத்தி. தமிழ் மூலம் படிக்கும் தோட்டப் பிள்ளைக்கு வாசலிலேயே இந்த ஆட்டம் கதவைச் சாத்திவிடுகிறது. 304க்கு எழுத்தே வேண்டாம். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பாட்டனார் நாலு வகையிலும் விழுந்த சீட்டை எல்லாம் மனதிலேயே வைத்திருந்து கடைசிப் பிடியைச் சொல்லி அடிப்பார். எளிமையில் இவ்வளவு ஆழம் வைப்பது எப்படி என்பதில் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் அவரிடம் கற்க வேண்டியது நிறைய.

சீட்டு என்றதும் வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பதற்கும் நியாயம் உண்டு. சம்பள நாளில் காசு வைத்து ஆடி வெறுங்கையோடு வீடு வந்தவர்களால் பட்டினி கிடந்த குடும்பங்கள் இருக்கின்றன. இலங்கையின் சூதாட்டச் சட்டம் 1889ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. காசுச் சீட்டு இன்றும் மறைவில்தான் நடக்கிறது. ஆனால் புள்ளிக்கு ஆடும் 304ஐயும் காசுச் சீட்டையும் ஒரே பழியில் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. காசு வந்ததும் சிந்தனை சுருங்கிவிடும். 304ஐ 304 ஆக ஆடுகிறவர்கள் கேள்வியையும் பிடியையும் பற்றித்தான் விடியும் வரை வாதாடுவார்கள்.

அசிட்டுக்கு 2005 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. வண்ணச் சித்திரக்கதை போன்ற தோற்றம், கூடுதல் சீட்டுகள், முப்பரிமாணம் காட்டும் அட்டைக் கண்ணாடி எல்லாம் இருந்தன. பிறகு அந்த வழி நின்றுவிட்டது. 2006இல் வந்த ‘போர்ட்டபிள் ஆப்ஸ்’ஸும் 2010இல் வந்த ‘பீஸ் வாக்கர்’உம் மறுபடி நேரடி அசைவுக்கே திரும்பின. உலகமோ வேறு பக்கம் போனது. 2008இல் ‘டொமினியன்’ என்ற பலகைச் சீட்டாட்டம், ஆடிக்கொண்டே கட்டை அடுக்கும் முறையைப் பரப்பியது. 2019இல் முழுமையாக வெளிவந்த ‘ஸ்லே தி ஸ்பயர்’ அந்த முறையைக் கணினி விளையாட்டில் பெருவழக்காக்கியது. முறை வைத்துப் பதுங்கும் ஆட்டத்துக்கு 2015இன் ‘இன்விசிபிள், இன்க்.’ சிறந்த எடுத்துக்காட்டு. 2004இல் அசிட் தனியாகக் கேட்ட இரண்டு கேள்விகளும் தனித்தனியே பெரும் விடைகளைப் பெற்றுவிட்டன. இரண்டையும் சேர்த்து அசிட் போட்ட முடிச்சைத்தான் பெரிய அளவில் யாரும் மறுபடி எடுக்கவில்லை.

இன்று அசிட்டை நேர்வழியில் வாங்குவதே கடினம். பிஎஸ்பியின் தயாரிப்பு 2014ஆம் ஆண்டோடு நின்றது. 2023இல் கொனாமி வெளியிட்ட பழைய மெட்டல் கியர் தொகுப்பில் அது இல்லை. பழைய வட்டுகளும் தேய்ந்த மின்கலங்களும்தான் மிச்சம். 304க்கு இந்த ஆபத்து இல்லை. ஒரு கட்டுச் சீட்டும் நாலு பேரும் போதும். ஆனால் அந்த நாலு பேர் கிடைப்பது இப்போது தோட்டங்களில் அருகி வருகிறது. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். எழவு வீட்டுப் பாயில் தலை நரைத்தவர்களே கூடுதலாக இருக்கிறார்கள், பக்கத்தில் பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு.

அந்தக் கைத்தொலைபேசிக்கு ஒரு விளையாட்டைச் செய்யலாம். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். களம் ஒரு தேயிலை மலை. கட்டங்களுக்குப் பதில் நிரைகளும் கான்களும். ஒருவர் இரவில் தோட்டத்தை விட்டுப் போகும் குடும்பத்தை நடத்துவார், எதிராளி காவலை நடத்துவார். அசிட்டின் விலை எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காவலுக்கும் ஒரு கை வேண்டும், அதுதான் அசிட் செய்யாதது. எந்தப் பாதையைக் காவல் உண்மையில் மறிக்கிறது என்பது கவிழ்த்து வைத்த துரும்பாக இருக்க வேண்டும். குடும்பம் ஊகித்துச் சீட்டைக் கவிழ்த்துப் போட, காவல் எடுத்துப் பார்க்க வேண்டும். சரியான ஊகத்துக்குப் பாதை திறக்கட்டும். தவறான ஊகத்துக்குச் சங்கு ஊதாமல், 304இல் போலவே ஒரு சொல்லும் இல்லாமல் ஆட்டம் தொடரட்டும். வாசகம் குறைவாக, தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். நாலு பேர் ஆடும்போது கூட்டாளிக்குக்கூடத் துரும்பு தெரியக் கூடாது என்ற விதியை மட்டும் தளர்த்தவே கூடாது.